அச்சை விட்டு வந்த பிறகும் சுருங்கும் ரெசின்: பாகங்கள் ஏன் வளைகின்றன, ஏன் வெடிக்கின்றன?

போன மாதம் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு மூடியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். சின்ன மின்சுற்றுப் பலகை வைக்கும் பெட்டிக்கான மூடி. 100 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். ரெசின் பிரிண்டரில் அவரே அச்சிட்டது. திரவ ரெசினை ஒளியால் லேயர் லேயராக (அடுக்கடுக்காக) இறுகவைத்துப் பாகத்தை உண்டாக்கும் முப்பரிமாணப் பிரிண்டர் அது.

"நேத்து எடுத்தப்ப பொட்டியில கச்சிதமா உக்காந்துச்சுங்ணா. இன்னைக்குப் பார்த்தா நாலு மூலையும் தூக்கிட்டு நிக்குது" என்றார். இரண்டு நாளாக பிரிண்டரின் திருகுகளை இறுக்கி, பாகம் ஒட்டி வளரும் தட்டைச் சமன்செய்து, மறுபடி மறுபடி சோதித்திருக்கிறார். பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை.

மூடியை ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்த்தோம். ஒரு மூலையை விரலால் அழுத்தினால் எதிர் மூலை எழும்பியது. ஓரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 1 மி.மீ. தகடு உரசாமல் உள்ளே போனது. நடுப்பகுதி மட்டும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆழமில்லாத தாம்பாளம் மாதிரி.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் எல்லோருக்கும் இது நடக்கிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் பிரிண்டரில் பழகியவர்களுக்கு இன்னும் குழப்பம். அங்கே சூடு ஆறியதும் பாகம் பெரும்பாலும் தன் வடிவத்துக்கு வந்துவிடும். ரெசினில் அப்படி இல்லை. பிரிண்டர் "முடிந்தது" என்று காட்டும்போது பாகத்தின் வேதிவினை பாதி வழியில்தான் நிற்கிறது. மீதி வினை எங்கே, எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மூடி தட்டையாக இருக்குமா, தாம்பாளமாகுமா என்பது முடிவாகிறது. அதைப் புரிந்துகொண்டால், குறைகள் என்று நாம் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கும் பலவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று தெரிந்துவிடும்.

கை கோத்தால் இடம் குறையும்

தொட்டியில் இருக்கும் ரெசின், சின்னச் சின்ன மூலக்கூறுகள் தளர்வாக மிதக்கும் ஒரு திரவம். பெரும்பாலும் அக்ரிலேட் அல்லது மெத்தக்ரிலேட் வகை. அதனுடன் மிகக் கொஞ்சமாக ஒரு ஒளிதூண்டி கலந்திருக்கும். வீட்டு மேசையில் வைக்கும் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியைப் பயன்படுத்துகின்றன. அந்த ஒளி பட்டதும் ஒளிதூண்டி உடைந்து, பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கிறது. அது அடுத்ததை, அது அதற்கடுத்ததை. கண் இமைக்கும் நேரத்தில் சங்கிலிகள் நீண்டு, குறுக்கே பின்னி, வலையாகிவிடுகின்றன. திரவம் திடமாகிறது.

தேர்த்திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக நிற்பவர்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் கையைக் கோத்துக்கொண்டால் கூட்டம் நெருங்கிவிடும். அதே ஆட்கள், குறைந்த இடம். மூலக்கூறுகளிலும் இதேதான். திரவமாக இருக்கையில் இரண்டுக்கும் நடுவே சுமார் 0.3 முதல் 0.4 நானோமீட்டர் தூரம். பிணைப்பு உண்டானதும் அது ஏறக்குறைய 0.15 நானோமீட்டராகக் குறைகிறது. இப்படிக் கோடானுகோடி பிணைப்புகள் சேரும்போது மொத்தப் பொருளும் சுருங்கியாக வேண்டும். இதை எந்த உற்பத்தியாளராலும் முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும்.

எவ்வளவு சுருங்கும்? மெத்தில் மெத்தக்ரிலேட் என்ற மிகச் சிறிய மூலக்கூறைத் தனியாக இறுக வைத்தால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கிவிடும். மூலக்கூறு பெரிதாக இருந்தால் ஒரே கன அளவுக்குள் உண்டாகும் பிணைப்புகளின் எண்ணிக்கை குறைவு, எனவே சுருக்கமும் குறைவு. பிரிண்டர் ரெசின்களில் பெரியவையும் சிறியவையும் கலந்திருப்பதால் கன அளவில் சில சதவீதம் சுருங்கும். 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நீளத்தில் அது சுமார் 2 சதவீதம். அதில் பெரும்பகுதி அச்சாகும் வேளையிலேயே தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு லேயரும் இறுகும்போது பக்கத்திலிருக்கும் திரவம் வந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதனால் கையில் வரும் பாகத்தில் அளவுக் குறைவு பெரிதாகத் தெரியாது.

வலை நன்றாகப் பின்னிக்கொண்ட பிறகு நடக்கும் சுருக்கம்தான் தொல்லை தருவது. அதற்கு முன்பு மூலக்கூறுகள் நழுவி இடம் மாறிக்கொள்ள முடியும். வலை பின்னியதும் நழுவ வழியில்லை. சுருங்க நினைக்கும், முடியாது. அந்த இழுப்பு பாகத்துக்குள்ளேயே விறைப்பாகத் தங்கிவிடும்.

குயவர் ஏன் நிழலில் காயவைக்கிறார்

ரெசின் சுருங்குவதால் வளைவதில்லை. எல்லா இடமும் ஒரே அளவு, ஒரே நேரத்தில் சுருங்கினால் பாகம் கொஞ்சம் சிறியதாகும், அவ்வளவே. அதைக் கணினியில் அளவைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம். ஒரு பக்கம் முந்திக்கொண்டு மறுபக்கம் பிந்தும்போதுதான் வளைவு வருகிறது.

பானை வனைபவர்களிடம் கேட்டால் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். வனைந்த பச்சைப் பானையை நேராக வெயிலில் வைக்கமாட்டார்கள். வெயில் படும் பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், நிழல் பக்கம் ஈரமாகவே இருக்கும், வாய் கோணும், பிறகு விரிசல் விடும். அதனால் நிழலில் வைத்து, திருப்பித் திருப்பி, நிதானமாக உலர்த்துவார்கள். அங்கே நீர் வெளியேறுவதால் சுருக்கம். இங்கே பிணைப்பு உண்டாவதால் சுருக்கம். காரணம் வேறானாலும் கோணல் வரும் விதம் ஒன்றே.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மி.மீ. தடிமனுள்ள மூடியின் மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிட வெறும் 0.2 சதவீதம் அதிகம் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. ஐ 0.002 ஆல் வகுத்தால் வளைவின் ஆரம் 1000 மி.மீ. என்று வருகிறது. ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டம். கேட்க ஏறக்குறைய தட்டை போலத்தான் இருக்கும். ஆனால் 100 மி.மீ. நீளத்தில் ஓரம் எவ்வளவு எழும்பும்? நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 10,000 ஐ 8,000 ஆல் வகுத்தால் 1.25 மி.மீ. மாணவரின் மூடிக்கு அடியில் 1 மி.மீ. தகடு நுழைந்ததற்கு இவ்வளவு சின்ன வித்தியாசம் போதும்.

அதே கணக்கில் நீளத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். 50 மி.மீ. மூடியில் எழும்புவது 0.31 மி.மீ. மட்டுமே. நீளம் இரட்டித்தால் வளைவு நான்கு மடங்கு. சின்ன பொம்மைகளை அழகாக அச்சிட்டுப் பழகியவர் முதல்முறை பெரிய தட்டையான பாகத்துக்குப் போகும்போது திணறுவது இதனால்தான்.

வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகம் பட்டது?

இந்த மூடியில் 0.2 சதவீத வித்தியாசம் எங்கிருந்து வந்தது? மாணவர் அதைத் தட்டின்மேல் படுக்கை வசமாக அச்சிட்டிருந்தார். பாகம் தட்டில் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக முதல் ஐந்து லேயர்களுக்குத் தலா 30 விநாடி வெளிச்சம். பிறகு வரும் லேயர்களுக்குத் தலா 2.5 விநாடி. அதாவது தட்டை ஒட்டிய பக்கம் ஏற்கெனவே நன்றாக இறுகி, சுருங்க வேண்டியதை ஓரளவு சுருங்கி முடித்துவிட்டது. மறுபக்கம் அரைகுறை. தட்டைவிட்டுப் பெயர்த்ததும், கழுவி, ஜன்னலோரம் வெயிலில் வைத்திருக்கிறார்; அதுவும் அந்த அரைகுறைப் பக்கம் மேலே பார்க்கும்படி. மீதமிருந்த சுருக்கம் முழுவதும் ஒரே பக்கமாக நடந்தேறியது. மூலைகள் எழும்பிவிட்டன.

வெளிச்சம் ரெசினுக்குள் போகும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழம் போகப்போக ஒளி மடங்கு மடங்காகக் குறைகிறது. ரெசின் பிரிண்டிங்கின் தொடக்க ஆண்டுகளில் இதை ஆராய்ந்த பால் ஜேக்கப்ஸ் பெயரால் வழங்கும் சமன்பாடு, இறுகும் ஆழம் ஒளியளவின் மடக்கையைப் பொறுத்தது என்கிறது. நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? ஒளிநேரத்தை இரட்டிப்பாக்கினால் ஆழம் இரட்டிப்பாகாது. ஒவ்வொரு ரெசினுக்கும் உரிய ஊடுருவல் அளவில் சுமார் 0.7 பங்கு மட்டும் கூடும். அந்த ஊடுருவல் அளவு 100 மைக்ரான் என்றால், 2 விநாடியை 4 ஆக்கும்போது 70 மைக்ரான் ஆழம் கூடும். 4 ஐ 8 ஆக்கினால் மறுபடியும் அதே 70.

லேயர் தடிமன் பொதுவாக 50 மைக்ரான். வெளிச்சம் அதைத் தாண்டி முந்தைய லேயருக்குள்ளும் போயாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாது. போதிய ஒளி இல்லாத பாகம் ஏடு ஏடாக உரிந்து வரும், அல்லது பாதி தட்டிலும் பாதி தொட்டியின் அடியிலுள்ள மெல்லிய ஃபிலிமிலுமாக நின்றுவிடும். ஒளி மிதமிஞ்சினால் அது பக்கவாட்டிலும் கசிந்து, துளைகள் சிறுத்து, கூர்மையான எழுத்துகள் மொத்தையாகிவிடும். 3 மி.மீ. துளைக்குள் 3 மி.மீ. கம்பி போகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். முதல் லேயர்கள் 30 விநாடி வாங்குவதால் அடிப்பகுதி மட்டும் யானைக்கால் போல வெளியே பிதுங்கி நிற்பதும் அதே காரணத்தால்தான்.

ஆகவே ஒளிநேரத்தைத் தோராயமாகக் கூட்டிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்வேன். புதிய ரெசின் பாட்டிலைத் திறந்ததும் ஒரு சின்னச் சோதனைப் பாகத்தை அச்சிட்டு, வெர்னியர் காலிப்பரால் அளந்து, நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

1983 இன் சிறு கோப்பை

இந்தக் கோணல் தொழிலோடு கூடப் பிறந்தது. அமெரிக்காவில் சக் ஹல் 1983 இல் ஒளியால் இறுகவைத்து அச்சிட்ட முதல் பாகம், கண் கழுவப் பயன்படும் வகையிலான சின்னக் கோப்பை. 1984 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1986 இல் கிடைத்தது. அதற்கு முன்பே ஜப்பானில் ஹிதேயோ கொடாமா ஒளியில் இறுகும் ரெசினை அடுக்கடுக்காக இறுகவைக்கும் வழியை வெளியிட்டிருந்தார். தொடக்க கால ரெசின்கள் அக்ரிலேட் வகை. அவற்றில் ஓரம் சுருண்டு எழும்புவது பெரிய தலைவலியாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் இப்பாக்சி கலந்த ரெசின்கள் வந்தபோதுதான் துல்லியம் தேறியது. இப்பாக்சியில் பிணைப்பு உண்டாகும்போது ஒரு வளையம் திறக்கிறது. அந்தத் திறப்பு, நெருங்குவதால் குறையும் இடத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது.

நம் மேசைப் பிரிண்டர்களின் ரெசின்கள் இன்றும் பெரும்பாலும் அக்ரிலேட்தான். வேகமாக இறுகும், விலை குறைவு. அந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை சுருக்கம்.

பாதியில் உறையும் வினை

பிரிண்டரிலிருந்து எடுத்த பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுவிய பிறகும் லேசாகப் பிசுபிசுக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். இதைப் பச்சைப் பாகம் என்கிறோம். வினையாற்ற வேண்டிய பிணைப்புகளில் கணிசமான பங்கு இன்னும் மிச்சம். ஏன் முடியவில்லை? வெளிச்சம் குறைவாகப் பட்டது ஒரு காரணம். இன்னொன்று நுட்பமானது. வலை இறுக இறுக அதன் மென்மையாகும் வெப்பநிலை உயர்ந்துகொண்டே போகும். அது அறை வெப்பநிலையைத் தாண்டியதும் உள்ளே எல்லாம் கண்ணாடிபோல் உறைந்துவிடும். எஞ்சிய மூலக்கூறுகளுக்கு நகர்ந்துபோய் ஜோடி தேட இடமில்லை. ஒளியை மட்டும் எவ்வளவு நேரம் அடித்தாலும் வினை மேற்கொண்டு போகாது.

அதனால்தான் அச்சிட்ட பாகத்தை மேலும் இறுகவைக்கும் நல்ல க்யூரிங் பெட்டிகளில் ஒளியோடு சூடும் கொடுக்கிறார்கள். பாகத்தை 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் உறைந்த வலை இளகி, மீதி மூலக்கூறுகளும் பிணைந்துகொள்கின்றன. பாகம் வலுவாகிறது, பிசுபிசுப்பு போகிறது. சுருக்கமும் கூடவே வருகிறது. ஆகவே போஸ்ட் க்யூர், அதாவது அச்சுக்குப் பிறகு செய்யும் இந்த இறுக்கல், என்பது பலம் தரும் கட்டம் மட்டுமில்லை, வடிவம் முடிவாகும் கட்டமும்கூட. பாகத்தைச் சுழல் மேடையில் வைப்பதும், பாதி நேரத்தில் திருப்பிப் போடுவதும் இதற்காகத்தான். குயவரின் திருப்பித் திருப்பி உலர்த்தல் இங்கேயும் வேண்டும்.

பிசுபிசுப்பைப் பற்றி ஒன்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த வினையின் எதிரி. சங்கிலி நீளும்போது குறுக்கே வந்து முறித்துவிடும். அதனால் மேல்தோல் மட்டும் இறுகாமல் நிற்கிறது. பாகத்தைத் தெளிந்த நீரில் மூழ்கவைத்து க்யூர் செய்தால் காற்று தடுக்கப்பட்டு மேல்தோல் பளிச்சென்று இறுகும். நீர் சூட்டையும் சமமாகப் பரப்பும். கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தால் போதும்.

இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் ஒவ்வாமை ஒருமுறை தொற்றிக்கொண்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும். நைட்ரைல் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கழுவும்போது உண்டாகும் விரிசல்

பாகத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவுகிறோம். ஒட்டியிருக்கும் திரவ ரெசினைக் கரைக்க அது வேண்டும். "சுத்தமாகட்டும்" என்று இரவு முழுக்க ஊறவைத்துவிடுகிறார்கள் சிலர். பச்சைப் பாகம் ஆல்கஹாலை உறிஞ்சும். மேல்தோல் ஊதி மென்மையாகும். வெளியே எடுத்ததும் மேல்தோல் வேகமாக உலர்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே இன்னும் ஊதியபடியே இருக்கும். கோடைக்குப் பின் வற்றிய ஏரியின் மண்போல மேற்பரப்பு இழுபட்டு, மயிரிழை விரிசல்கள் விழும். மெல்லிய பாகமானால் வளையவும் செய்யும்.

மொத்தம் 5 முதல் 10 நிமிடக் கழுவல் போதும். ஓரளவு அழுக்கான ஆல்கஹாலில் முதலில் ஒருமுறை, பிறகு சுத்தமானதில் ஒருமுறை. அதற்குப்பின் குறைந்தது அரை மணி நேரம் நிழலில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடத்தில் உலரவிடுங்கள். ஆல்கஹால் உள்ளே இருக்கும்போதே க்யூர் செய்தால் அது உள்ளே சிறைப்பட்டு, பல நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி அளவை மாற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்று மாதம் கழித்து வெடித்த பொம்மை

அலமாரியில் அழகாக நின்ற பொம்மை ஒருநாள் காலை முதுகில் கோடுவிட்டு, அந்தக் கோட்டின் வழியே தேன்போல் ஏதோ வழிந்து நிற்கும். பொம்மை செய்பவர்கள் பலரிடம் இந்தக் கதை இருக்கிறது. காரணம் எப்போதும் ஒன்றே: ரெசின் மிச்சமாகட்டும் என்று உள்ளே கூடாக அச்சிட்டு, உள்ளே தேங்கிய திரவத்தை வடிக்காமல் மூடிவிட்டார்கள்.

உள்ளே அடைபட்ட திரவம் சும்மா இருப்பதில்லை. இறுகிய சுவருக்குள் மெல்ல ஊறுகிறது. சுவரின் உட்பக்கம் ஊதுகிறது, வெளிப்பக்கம் ஊதவில்லை. வெளிப்பக்கம் நாளுக்கு நாள் இழுபடுகிறது. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் வெளித்தோலை மேலும் மேலும் இறுக்கி நொறுங்கும் தன்மையாக்குகிறது. ஒரு கட்டத்தில் தாங்காது.

வழி எளிது. கூடு என்றால் இரண்டு துளை வேண்டும். ஒன்றில் திரவம் வடிய, மற்றொன்றில் காற்று உள்ளே போக. எண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை போட்டால்தான் எண்ணெய் சீராக வருவதுபோல. ஊசிக்குழாயால் உள்ளே ஆல்கஹாலைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். முடிந்தால் சின்ன எல்.இ.டி. புற ஊதா விளக்கை உள்ளே விட்டு உட்சுவரையும் இறுக்கிவிட வேண்டும். துளைகள் தட்டுக்குப் பக்கத்தில் அமைந்தால் இன்னொரு நன்மை: அச்சாகும்போது கூட்டுக்குள் வெற்றிடம் உண்டாகி ஃபிலிமை உறிஞ்சி இழுக்காது. அந்த உறிஞ்சலில் சுவர் உள்வாங்கிப் போன பாகங்களைப் பார்த்திருக்கிறேன்.

பல் மருத்துவரின் நாற்காலியில் இதே கதை

பல் சொத்தையை அடைக்க வெள்ளை நிறப் பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டுகிறார்களே, அதுவும் ஒளியில் இறுகும் மெத்தக்ரிலேட்தான். ஒளிதூண்டி வேறு: கேம்ஃபர்குயினோன், சுமார் 470 நானோமீட்டர் நீல ஒளியைப் பிடிப்பது. பெயரில் கேம்ஃபர் இருப்பது தற்செயல் இல்லை. கற்பூரத்திலிருந்து பெறப்படும் சேர்மம் அது. சுருக்கத்தைக் குறைக்க அந்தப் பசையில் கண்ணாடித் துகள்களைப் பெருமளவு கலக்கிறார்கள். துகள் சுருங்காது, சுருங்கும் பசையின் பங்கு குறைகிறது.

அப்படியும் மிச்சமிருக்கும் சுருக்கம் பல்லின் சுவரை இழுக்கும். பிடி விட்டுப்போனால் மயிரிழை இடைவெளி உண்டாகி, அதன் வழியே கூச்சமும் மீண்டும் சொத்தையும் வரும். அதனால் வழக்கமான பசையை மருத்துவர் ஒரே மூச்சில் குழி முழுக்க நிரப்புவதில்லை. 2 மி.மீ. அளவு வைப்பார், விளக்கு காட்டுவார், மறுபடி வைப்பார். ஒளி அந்த ஆழத்துக்குத்தான் சரியாகப் போகும் என்பது ஒரு காரணம். சுருக்கத்தைச் சிறு சிறு தவணைகளாகத் தீர்ப்பது இன்னொன்று. அடுத்தமுறை நாற்காலியில் படுத்திருக்கும்போது கவனித்துப் பாருங்கள்.

கோவையின் நகைப் பட்டறைகளில்

கோயம்புத்தூரில் வார்ப்பு நகை செய்யும் பட்டறைகள் ரெசின் அச்சைப் பயன்படுத்துகின்றன. மோதிரத்தை ரெசினில் அச்சிட்டு, அதைச் சுற்றி ஜிப்சம் கலந்த மாவை ஊற்றி அச்சாக்கி, உலையில் ரெசினை எரித்துவிட்டு, அந்தக் குழிவில் தங்கத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை சிற்பிகள் மெழுகுக் கருவில் செய்யும் அதே முறைதான், கரு மட்டும் வேறு.

அந்த வேறுபாடுதான் தொல்லை. மெழுகு சூட்டில் உருகி ஓடிவிடும். ரெசின் உருகாது, ஏனென்றால் அது குறுக்கே பின்னிய வலை. எரிந்துதான் போக வேண்டும். எரிவதற்கு முன் சூட்டில் விரியும். வேகமாகச் சூடேற்றினால் அந்த விரிவு ஜிப்சம் அச்சை உள்ளிருந்து பிளந்துவிடும். வார்த்த மோதிரத்தில் துடுப்புப் போல மெல்லிய தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அச்சு பிளந்திருக்கிறது என்று அர்த்தம். போஸ்ட் க்யூர் சரியாகச் செய்யாத கருவானால் இன்னொரு கேடு: இறுகாத ரெசின், மாவு இறுகுவதையே கெடுத்து, மோதிரத்தின் மேல் சொரசொரப்பாகப் பதிந்துவிடும். வார்ப்பில் வரும் குறைக்கு உலையைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் குறை க்யூரிங் பெட்டியில் இருக்கும்.

வேலைக்குப் போன பிறகு

நன்றாக க்யூர் ஆன பாகமும் காலப்போக்கில் அசையும். சாதாரண ரெசின்கள் பல 50, 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடுபவை. மே மாத வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். அங்கே வைத்த கைபேசித் தாங்கி ஒரே மதியத்தில் குனிந்துவிடும். குளிர்ந்த அறையிலும், சுமை தாங்கும் மெல்லிய கை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொங்கும். ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் ஊதும் ரெசின்களும் உண்டு. மழைக்காலத்தில் இறுக்கமான இணைப்பு மேலும் இறுகும். நேர் வெயிலில் நாள்கணக்கில் இருந்தால் மஞ்சளாகி, நொறுங்கத் தொடங்கும்.

வெளியே, சூட்டில், சுமையோடு நிற்க வேண்டிய பாகத்துக்குச் சாதாரண ரெசின் ஏற்றதல்ல. அதற்கென்றே உள்ள ரெசினை வாங்குங்கள், இல்லையேல் வேறு முறையில் செய்யுங்கள்.

அந்த மூடியை எப்படிச் செய்தோம்

முதலில், படுக்கை வசத்தை விட்டோம். மூடியைச் சுமார் 40 டிகிரி சாய்த்து, சப்போர்ட் (பாகத்தைத் தாங்கும் மெல்லிய கால்கள்) கொடுத்தோம். இப்போது 30 விநாடி வாங்குவது சப்போர்ட்டின் அடித்தட்டுதான், மூடி இல்லை. சாய்த்ததில் இன்னொரு பலன்: ஒவ்வொரு லேயரின் பரப்பும் சிறிது; ஒவ்வொரு லேயர் இறுகியதும் பாகத்தை ஃபிலிமிலிருந்து பிய்க்கும்போது இழுப்பு குறைவு. ஓரங்களுக்குச் சப்போர்ட்டை நெருக்கமாக வைத்தோம், ஏனென்றால் தொங்கும் மெல்லிய ஓரம்தான் ஒவ்வொரு பிய்ப்பிலும் ஆடும். அச்சு நேரம் பல மடங்கு கூடி மூன்று மணி நேரத்துக்குப் போனது. மாணவருக்கு மனமில்லை, "அவ்வளவு நேரமாங்ணா?" என்றார். ஆகும்.

வடிவத்திலும் கை வைத்தோம். உள்பக்கம் நீளவாக்கில் இரண்டு, குறுக்கே ஒன்று என 3 மி.மீ. உயரத்தில், வலுவுக்காக விலா எலும்புகள் போன்ற மேட்டு வரிகள் சேர்த்தோம். கூரான உள்மூலைகளை 1 மி.மீ. வளைவாக்கினோம், விறைப்பு கூடிநிற்பதும் விரிசல் தொடங்குவதும் கூர்மூலையில்தான்.

கழுவல் இருமுறை, மொத்தம் 6 நிமிடம். ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்தினோம். சப்போர்ட்டுகளைக் கழற்றாமலே பாதி க்யூர் செய்தோம். கழற்றிவிட்டு க்யூர் செய்தால் தழும்பு தேய்ப்பது எளிது என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் தட்டையான மெல்லிய பாகத்தில் சப்போர்ட்டுகள் நிறுத்திப்பிடிக்கும் கால்களாக உதவுகின்றன. தழும்பு எப்படியும் உள்பக்கம், யாரும் பார்க்கப்போவதில்லை. பிறகு சப்போர்ட்டைக் கழற்றி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே, வெளிப்பக்கத்தைக் கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் படிய வைத்து, விலா எலும்புகளின்மேல் இன்னொரு கண்ணாடியை வைத்துக் கவ்வியால் பிடித்தோம். 405 நானோமீட்டர் ஒளி சாதாரணக் கண்ணாடியைத் தாண்டிப் போகும். மூன்று நிமிடம் ஒருபக்கம், மூன்று நிமிடம் மறுபக்கம், மறுபடி ஒருமுறை அதேபோல. கவ்வியை உடனே எடுக்கவில்லை. முழுதாக ஆறும்வரை விட்டுவைத்தோம்.

மறுநாள் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினோம், ஆடவில்லை. 0.1 மி.மீ. தகடு ஒரு மூலையில் மட்டும் நுழைந்தது. பத்து நாள் கழித்து அவர் மறுபடி கொண்டுவந்தபோது அதே மூலையில் 0.15 மி.மீ. தகடு போனது, மற்ற மூன்றும் படிந்தே இருந்தன. திருகு போட்டு இறுக்கினால் அதுவும் படிந்துவிடும். பெட்டியை மூடி, நான்கு திருகும் போட்டுக் கையில் கொடுத்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.